வடிகால் வாயில் வடிகட்டிகளும் ஏரியின் தெளிவும்: தாகோ ஏரியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்காவின் கலிபோர்னியா, நெவாடா ஆகிய இரு மாநிலங்களின் எல்லையில் அமைந்துள்ளது தாகோ ஏரி. இதன் நீர்த்தெளிவு 1968ஆம் ஆண்டு முதல் இடைவிடாது அளக்கப்பட்டு வருகிறது. கழிவுநீர் முழுவதும் ஏரிப் படுகைக்கு வெளியே கொண்டு செல்லப்பட்ட பின்னரும் தெளிவு குறைந்துகொண்டே வந்தது. இதற்குக் காரணம் சாலை மழைநீர் வடிகால்கள் வழியே வந்த நுண்துகள்களே என்பது பிற்கால ஆய்வுகளால் தெரியவந்தது. வடிகால் வாயில் வடிகட்டிகள் ஏரிப் பாதுகாப்பின் கருவியாக ஏற்கப்பட்ட வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. மாசு எது என்னும் வரையறை மாறியதே இக்கருவியின் ஏற்புக்கு வழிவகுத்தது என்பதும், கருவியின் பயன் அதன் பராமரிப்பையும் நிலப் பயன்பாட்டையும் சார்ந்தே அமைகிறது என்பதும் இக்கட்டுரையின் துணிபாகும்.

திறவுச்சொற்கள்: தாகோ ஏரி, மழைநீர் வடிகால், வடிகட்டி, நுண்துகள், நீர்த்தெளிவு, சூழலியல் வரலாறு.

முன்னுரை

ஏரி மாசு எனும்போது முதலில் நினைவுக்கு வருபவை ஆலைக் கழிவும் வீட்டுக் கழிவுநீரும் ஆகும். இவை ஒரு குறிப்பிட்ட குழாயிலிருந்தோ கால்வாயிலிருந்தோ வெளிவருவதால், இன்னாரால் நேர்ந்தது என்று சுட்டிக்காட்ட இயலும். மழைநீர் வடிகாலின் வழியே வரும் மாசு அத்தகையதன்று. கூரை, முற்றம், சாலை, வாகன நிறுத்துமிடம் என ஊர் முழுவதிலும் படிந்த தூசியையும் மணலையும் எண்ணெய்ப் பிசுக்கையும் மழையும் பனியுருகு நீரும் ஒருங்கே திரட்டிக் கொண்டுவருகின்றன. இதற்கெனத் தனி உரிமையாளர் எவருமில்லை. ஆகவே இம்மாசை அடையாளம் காண்பதற்கும் பொறுப்பு வகுப்பதற்கும் நெடுங்காலம் தேவைப்பட்டது.

அக்காலத்தின் நீளத்தை அறிய உதவும் சிறந்த சான்று தாகோ ஏரி ஆகும். அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட தொடர் அளவீடு, இரு மாநிலங்களின் கூட்டு ஆளுகை, உச்ச நீதிமன்றம் வரை சென்ற நில வழக்கு ஆகியன இவ்வேரியின் வரலாற்றைப் பிற ஏரிகளின் வரலாற்றினின்றும் வேறுபடுத்துகின்றன.

ஏரியின் இயல்பும் முற்கால அளவீடும்

சியரா நெவாடா மலைத்தொடரில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் தாகோ ஏரி அமைந்துள்ளது. இதன் நீளம் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். அகலம் 19 கிலோமீட்டர். மிகு ஆழம் 501 மீட்டர். சராசரி ஆழம் 300 மீட்டரைச் சார்ந்தது. 63 ஓடைகள் ஏரியில் வந்து கலக்கின்றன. வெளியேறும் ஆறோ டிரக்கி ஒன்றே. அதுவும் கடலை அடையாமல் நெவாடாவின் பிரமிடு ஏரியில் முடிகிறது. ஏரியில் புகுந்த நீர் வெளியேறச் சராசரியாக ஏறத்தாழ 650 ஆண்டுகள் ஆகும் என்று கணிக்கப்பட்டுள்ளது. எனவே ஒருமுறை உட்புகுந்த ஊட்டச்சத்தும் மாசும் ஆற்றோடு எளிதில் நீங்குவதில்லை. வாயிலிலேயே தடுக்க வேண்டும் என்னும் கருத்து இவ்வேரியைப் பொறுத்தவரை வலுப்பெறுவதற்கு இந்த இயல்பே அடிப்படையாகும்.

இந்நிலத்தின் தொல்குடியினர் வாஷோ மக்கள் ஆவர். ஏரியைக் குறிக்கும் அவர்தம் சொல்லிலிருந்தே தாகோ என்னும் பெயர் தோன்றியது. 1859இல் நெவாடாவில் கோம்ஸ்டாக் வெள்ளிப் படிவு கண்டறியப்பட்டதைத் தொடர்ந்து, சுரங்கங்களுக்கான தாங்குமரங்களுக்காகவும் விறகுக்காகவும் ஏரியைச் சூழ்ந்த காடுகள் பெருமளவில் வெட்டப்பட்டன. ஏரி அடிப்படிவுகளை ஆராய்ந்த அறிஞர்கள், அக்காலத்தில் வண்டல் படிவு பன்மடங்கு உயர்ந்ததையும், மரவெட்டு ஓய்ந்தபின் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அது குறைந்ததையும் எடுத்துக்காட்டியுள்ளனர். நிலம் ஆறினால் ஏரியும் ஆறும் என்பதற்கு இது முதற்சான்றாகும்.

மார்க் ட்வெய்ன் 1861இல் இங்கு வந்து, 1872இல் வெளியான தம் பயண நூலில் ஏரியின் தெளிவை வியந்து எழுதினார். அவ்வியப்பை எண்ணாக மாற்றியவர் ஜான் லெகோன்ட் என்னும் இயற்பியலறிஞர். அவர் 1873இல் வெண்ணிறத் தட்டு ஒன்றை நீரில் இறக்கி, அது 33 மீட்டர் ஆழம் வரை கண்ணுக்குப் புலப்படுவதைக் கண்டார். இம்முறையை அதற்கு எட்டாண்டுகளுக்கு முன், 1865இல், இத்தாலிய வானியலறிஞரும் இயேசு சபைத் துறவியுமான ஆஞ்செலோ செக்கி மத்தியதரைக் கடலில் கையாண்டிருந்தார். அவர் பெயராலேயே அது செக்கித் தட்டு என வழங்குகிறது. கயிற்றில் கட்டிய ஒரு வெண்தட்டே பின்னாளில் சட்டங்களுக்கும் கோடிக்கணக்கான டாலர் செலவுக்கும் அளவுகோலாயிற்று என்பது குறிப்பிடத்தக்கது.

கழிவுநீர் வெளியேற்றமும் எதிர்பாராத விளைவும்

1960ஆம் ஆண்டின் குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் ஏரிக்கு வடமேற்கே அண்மையிலுள்ள ஸ்குவா பள்ளத்தாக்கில் நடைபெற்றன. அதனையொட்டி ஏரிக்கரையில் குடியிருப்புகளும் விடுதிகளும் சூதாட்ட அரங்குகளும் பெருகின. ஏரியின் தென்கரையில் டிரக்கி மேலாற்றின் சதுப்புநிலத்தைத் தோண்டியும் மேடாக்கியும் தாகோ கீஸ் என்னும் படகுத்துறைக் குடியிருப்பு உருவாக்கப்பட்டது. ஆற்றுநீர் பரவி, வேகம் தணிந்து, வண்டலை இறக்கிவிட்டு ஏரியை அடைவதற்கு அச்சதுப்பு இடமளித்திருந்தது. செயற்கை வடிகட்டிகளுக்கான தேவை எழுவதற்கு முன்பே இயற்கை வடிகட்டி ஒன்று பெரிதும் அழிக்கப்பட்டது என்பதை வரலாற்று நோக்கில் கருத்திற்கொள்ள வேண்டும்.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த சார்லஸ் கோல்டுமன் 1959இல் இவ்வேரியின் பாசி வளர்ச்சியை ஆராயத் தொடங்கினார். கழிவுநீரிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் பாசியைப் பெருக்குகின்றன என்பதே அக்கால அறிவியலின் மையக் கருத்தாக இருந்தது. அதன்படி கழிவுநீரைப் படுகைக்கு வெளியே கொண்டு செல்லும் திட்டம் வகுக்கப்பட்டது. தென்கரையின் கழிவுநீர், உயர்நிலைச் சுத்திகரிப்புக்குப் பின்னரும் ஏரிக்குள் விடப்படாமல், 1968 முதல் மலையைக் கடந்து ஆல்பைன் வட்டாரத்திலுள்ள நீர்த்தேக்கத்துக்குக் குழாய்வழி ஏற்றப்பட்டது. கலிபோர்னியாவின் 1969ஆம் ஆண்டு நீர்த்தரச் சட்டம் இதற்கு வலுவூட்டியது. 1970களின் இறுதிக்குள் படுகையின் கழிவுநீர் முழுவதும் வெளியேற்றப்பட்டது.

ஆனால் தெளிவு மீளவில்லை. 1968இல் 31.2 மீட்டராக இருந்த ஆண்டுச் சராசரி, 1997இல் 19.5 மீட்டராகக் குறைந்தது. சராசரியாக ஆண்டுக்கு ஓர் அடிக்கும் மேலாகத் தெளிவு இழக்கப்பட்டது. மிகப்பெரிய காரணம் எனக் கருதப்பட்டது நீக்கப்பட்ட பின்னரும் விளைவு தொடர்ந்தமையால், காரணத்தையே மறுபரிசீலனை செய்ய வேண்டிய நிலை ஏற்பட்டது.

நிலமும் நீதிமன்றமும்

இதற்கிடையில் நிலத்தைக் கட்டுப்படுத்தும் முயற்சிகள் நிகழ்ந்தன. இரு மாநிலங்களும் செய்துகொண்ட உடன்பாட்டை அமெரிக்க நாடாளுமன்றம் 1969இல் ஏற்றதன் வழித் தாகோ வட்டாரத் திட்ட முகமை உருவாயிற்று. அமெரிக்க வனத்துறையைச் சார்ந்த இராபர்ட் பெய்லி 1974இல் நிலத்தின் சரிவு, மண்ணின் தன்மை ஆகியவற்றைக் கொண்டு நிலத்திறன் வகைப்பாடு ஒன்றை வகுத்தார். ஒரு மனையில் எத்தனை விழுக்காட்டைக் கட்டடத்தாலும் தளத்தாலும் மூடலாம் என்பதை அது வரையறுத்தது. நொய்ந்த நிலத்தில் 1 விழுக்காடும், உறுதியான நிலத்தில் 30 விழுக்காடும் எல்லைகளாயின. மழைநீர் மண்ணில் இறங்க இயலாதபடி மூடப்பட்ட பரப்பே வடிகால் மாசின் தோற்றுவாய் என்னும் கருத்து இதில் பொதிந்துள்ளது.

முகமை 1981 முதல் 1984 வரை 32 மாதங்களுக்கு நொய்ந்த நிலங்களில் கட்டடப் பணியை நிறுத்திவைத்தது. வீடு கட்டும் நோக்கில் மனை வாங்கியிருந்தோர் இழப்பீடு கோரி வழக்குத் தொடுத்தனர். இவ்வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002 ஏப்ரலில் 6க்கு 3 என்னும் பெரும்பான்மையில், தற்காலிகத் தடை என்னும் காரணத்தினாலேயே அது நிலத்தைக் கையகப்படுத்தியதாகாது என்று தீர்ப்பளித்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ் எழுதினார்.

சட்டநோக்கில் முகமை வென்றது. எனினும் அறநோக்கில் ஒரு வினா எஞ்சியது. ஏற்கெனவே கட்டப்பட்ட சாலைகளும் விடுதிகளும் மாசை அனுப்பிக்கொண்டிருக்க, இன்னும் கட்டாதவர் மட்டும் சுமையை ஏற்பது முறையாகுமா? இவ்வினாவே பழைய கட்டமைப்பைத் திருத்தியமைத்தல் என்னும் நெறிக்குப் பொருள் தருகிறது. ஒவ்வொரு வீட்டாரும் கூரைநீரும் முற்றநீரும் மண்ணில் இறங்குவதற்கான உறிஞ்சு அகழிகளை அமைக்க வேண்டும் என்றும், உள்ளாட்சிகளும் நெடுஞ்சாலைத் துறைகளும் தத்தம் வடிகால்களைத் திருத்த வேண்டும் என்றும் நெறிகள் வகுக்கப்பட்டன.

மாசின் மறுவரையறை: நுண்துகள்

1997 ஜூலையில் அன்றைய குடியரசுத் தலைவர் பில் கிளிண்டன் ஏரிக்கரையில் கூட்டிய மாநாடும், 2000ஆம் ஆண்டின் தாகோ ஏரி மீட்புச் சட்டமும் ஆய்வுக்கும் சீரமைப்புக்கும் நிதி வழங்கின. இச்சட்டம் 30 கோடி டாலர் வரையிலான ஒதுக்கீட்டுக்கு இசைவளித்தது. அக்காலத்து ஆய்வுகள், தெளிவைக் குறைப்பதில் பாசியைக் காட்டிலும் கனிம நுண்துகள்களுக்குப் பெரும்பங்கு உண்டு என்பதை நிறுவின. 16 மைக்ரோமீட்டருக்கும் குறைந்த விட்டமுடைய இத்துகள்கள் ஒளியைச் சிதறடிக்கின்றன.

இதனடிப்படையில் கலிபோர்னியாவின் லஹோன்டன் வட்டார நீர்த்தர வாரியமும் நெவாடாவின் சுற்றுச்சூழல் பாதுகாப்புப் பிரிவும் ஏரி தாங்கக்கூடிய மாசுச் சுமைக்கான வரம்புத் திட்டத்தை வகுத்தன. நடுவண் சுற்றுச்சூழல் முகமை 2011 ஆகஸ்டில் இதற்கு ஒப்புதல் அளித்தது. ஏரிக்குள் வரும் நுண்துகள்களில் 72 விழுக்காடு நகர்ப்புற நிலத்திலிருந்தும், 15 விழுக்காடு காற்றிலிருந்தும், 9 விழுக்காடு நகர்சாரா நிலத்திலிருந்தும், 4 விழுக்காடு ஓடைக்கரை அரிப்பிலிருந்தும் வருவதாக அத்திட்டம் கணக்கிட்டது. படுகை நிலத்தில் நகர்ப்புறத்தின் பரப்போ ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். ஆக, 1960களில் கழிவுநீர்க் குழாயாக இருந்த எதிரி, 2011இல் சாலையோர வடிகாலாக மாறிற்று. இம்மாற்றத்தால்தான் வடிகட்டி ஏரிப் பாதுகாப்பின் மையத்துக்கு வந்தது.

வடிகட்டியின் செயற்பாடும் எல்லையும்

சாலையோர வடிகால் வாயிலின் அடியில் அமைக்கப்படும் படிவுக்குழி மிக எளிய அமைப்பாகும். நீர் சற்றே தேங்கும்போது மணலும் சருகும் அடியில் தங்கிவிடுகின்றன. ஆயின் இது பருமனான துகள்களுக்கே பொருந்தும். நீரில் துகள் அமிழும் வேகம் அதன் விட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமைகிறது என்பது ஸ்டோக்ஸ் விதி. அதன்படி விட்டம் பத்தில் ஒன்றாகக் குறைந்தால் வேகம் நூற்றில் ஒன்றாகும். 1 மைக்ரோமீட்டர் விட்டமுடைய கனிமத் துகள் குளிர்ந்த நீரில் ஒரு நாளில் சில சென்டிமீட்டரே இறங்கும். 300 மீட்டர் ஆழத்தைக் கடக்க அதற்குப் பத்தாண்டுகளுக்கும் மேல் தேவை. இத்துகள் ஏரியில் கலங்கலை நீடிக்கச் செய்வதும் இதனாலேயே. படிவுக்குழியில் பிடிபடாமல் தப்புவதும் இதனாலேயே.

அடுத்த நிலையில் அமைவது வடிகட்டும் ஊடகம் நிரப்பிய உருளைகள் கொண்ட நிலத்தடிக் காங்கிரீட் அறை. பெர்லைட், சியோலைட், தூண்டிய கரி முதலிய பொருள்கள் உருளைகளில் நிரப்பப்படும். நீர் உருளையின் பக்கவாட்டில் நுழைந்து, ஊடகத்தினூடே கசிந்து, நடுக்குழாய் வழியே வெளியேறும். ஊடகம் அடைபட்டால் உருளையை மாற்ற வேண்டும். பெருமழையில் தெரு வெள்ளக்காடாகாமல் இருக்க, அளவுக்கு மிஞ்சிய நீர் வடிகட்டப்படாமலே புறவழியில் செல்லும். தாகோ படுகையில் 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெய்யக்கூடிய ஒரு மணி நேர மழை, அதாவது ஏறத்தாழ 25 மில்லிமீட்டர், வடிவமைப்பு அளவாகக் கொள்ளப்படுகிறது. இதனினும் மிகுந்த நீருக்கு வடிகட்டி பொறுப்பேற்பதில்லை.

ஆகவே வடிகட்டியைத் தனித்த தீர்வாகக் கொள்ளாமல், ஒரு தொடரின் கடைக்கண்ணியாகக் கொள்ளும் நெறி வளர்ந்தது. குளிர்காலத்தில் வழுக்கலைத் தவிர்க்கச் சாலைகளில் தூவப்படும் மணல், வாகனச் சக்கரங்களில் அரைபட்டு நுண்துகளாகிறது. எனவே தூவும் மணலைக் குறைத்தல், எளிதில் பொடியாகாத மணலைத் தேர்தல், உப்புக் கரைசலைப் பயன்படுத்துதல், உறிஞ்சு எந்திரங்களால் சாலையைத் துப்புரவு செய்தல் ஆகியன மேற்கொள்ளப்பட்டன. துகள் வடிகாலை அடையும் முன்னரே அதனை அகற்றுவது, அடைந்தபின் வடிகட்டுவதினும் எளிது என்பதே இதன் உட்பொருள்.

எண்ணிக்கையும் பராமரிப்பும்

மாசை எடையால் அளப்பதா, எண்ணிக்கையால் அளப்பதா என்னும் வினாவும் இங்கு எழுந்தது. 160 மைக்ரோமீட்டர் விட்டமுடைய ஒரு மணல்துகளின் எடைக்கு, 1 மைக்ரோமீட்டர் துகள்கள் 40 இலட்சத்துக்கும் மேல் வேண்டும். எடையை அளவையாகக் கொண்டால், ஒரு கூடை மணலை வாரியவர் ஏரியைக் காத்தவராவார். நுண்துகள் அனைத்தும் தப்பியிருந்தாலும் கணக்கு அழகாகவே தோன்றும். இக்குறையைத் தவிர்க்கத் தாகோவில் துகள் எண்ணிக்கையே அளவையாகக் கொள்ளப்பட்டது. 16 மைக்ரோமீட்டருக்குக் குறைந்த துகள்களில் 10இன் 16ஆம் அடுக்கு எண்ணிக்கையைத் தடுத்தால் ஒரு தெளிவுப் புள்ளி என வகுக்கப்பட்டது.

இப்புள்ளிகள் நிலையானவை அல்ல. வடிகட்டியும் படுகைக்குட்டையும் சாலையும் நன்னிலையில் உள்ளனவா என ஆய்ந்து, ஆண்டுதோறும் புள்ளிகள் வழங்கப்படுகின்றன. பராமரிப்புத் தவறினால் புள்ளியும் குறையும். கட்டுமானத்துக்குத் திறப்பு விழாவும் கல்வெட்டும் உண்டு. உருளை மாற்றுவோருக்கும் குழி தூர்வாருவோருக்கும் அவை இல்லை. அவர்தம் உழைப்பைக் கணக்கேட்டில் ஏற்றியதே இம்முறையின் தனிச்சிறப்பு எனலாம். கலிபோர்னியப் பகுதியில் இது உள்ளாட்சிகளுக்கான மழைநீர் வெளியேற்ற உரிமத்தின் வழியும், நெவாடாப் பகுதியில் உடன்படிக்கைகளின் வழியும் நடைமுறைப்படுத்தப்பட்டது. ஒரே ஏரிக்கு ஒருகரையில் ஆணையும் மறுகரையில் இசைவும் வழியாயின.

பயனும் ஐயமும்

வரம்புத் திட்டத்தின் இறுதி இலக்கு 29.7 மீட்டர் தெளிவாகும். இதனை எட்ட 65 ஆண்டுகள் எனக் காலம் குறிக்கப்பட்டது. நகர்ப்புறச் சுமையை முதல் 5 ஆண்டுகளில் 10 விழுக்காடும், 10 ஆண்டுகளில் 21 விழுக்காடும், 15 ஆண்டுகளில் 34 விழுக்காடும் குறைக்க வேண்டும் என இடைப்படிகள் வகுக்கப்பட்டன. முதற்படி எட்டப்பட்டதாக ஒழுங்குமுறை அமைப்புகள் அறிவித்தன. ஆயினும் நெடிய வறட்சியைத் தொடர்ந்து பெருமழை பெய்த 2017இல் தெளிவு 18.2 மீட்டராகக் குறைந்தது. அளவீடு தொடங்கியது முதல் அதுவே மிகக் குறைந்த ஆண்டுச் சராசரியாகும். மறு ஆண்டில் 21.6 மீட்டராக உயர்ந்தது.

பொதுவாக நோக்கின், இருபத்தொன்றாம் நூற்றாண்டில் ஆண்டுச் சராசரியின் சரிவு பெரிதும் தணிந்துள்ளது. மீட்சி தொடங்கியது என்று சொல்ல இயலவில்லை. கோடைத் தெளிவு தொடர்ந்து நலிகிறது. நீர் வெப்பமடைவதால் மேலடுக்கும் கீழடுக்கும் கலப்பது குறைவதும், சைக்ளோடெல்லா என்னும் மிகச் சிறு பாசி பெருகுவதும் இதற்குக் காரணங்களாகக் காட்டப்படுகின்றன. கனிமத் துகள் குறைந்தாலும் உயிர்த்துகள் அதன் பணியைச் செய்யக்கூடும். 1970களில் கழிவுநீரை நீக்கியபின் நேர்ந்த ஏமாற்றத்தை இது நினைவூட்டுகிறது. எனினும் இவ்விரு நிலைகளையும் ஒன்றாகக் கொள்வது பொருந்தாது. கழிவுநீர் வெளியேற்றப்படாமல் இருந்திருந்தால் நிலைமை மேலும் சீர்கெட்டிருக்கும். வடிகால் வடிகட்டிகளைப் பற்றியும் அவ்வாறே மதிப்பிட வேண்டும். ஒரு கருவி ஏரியை மீட்கவில்லை என்பதால் அது பயனற்றதாகிவிடாது. அது தடுத்த இழப்பு கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

இதனோடு இயற்கை வடிகட்டியை மீட்கும் முயற்சியும் இணைந்துள்ளது. டிரக்கி மேலாற்றின் எஞ்சிய சதுப்புநிலத்தில் நீரைப் பரவச் செய்யும் சீரமைப்புப் பணி 2020இல் தொடங்கியது. இழந்த சதுப்பு செய்த பணிக்கு மாற்றாக வந்த காங்கிரீட் அறைகளும், மீட்கப்படும் சதுப்பும் ஒரே காலத்தில் அருகருகே இயங்குவது இவ்வரலாற்றின் இன்றைய நிலையாகும்.

முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பெறப்படும் கருத்துகள் பின்வருமாறு:

1. வெட்டப்பட்ட காட்டின் மண், கழிவுநீரின் ஊட்டச்சத்து, சாலையின் நுண்துகள் என மாசு மும்முறை வெவ்வேறாக அறியப்பட்டது. மூன்றாம் நிலையிலேயே வடிகால் வடிகட்டி இன்றியமையாக் கருவியாயிற்று.

2. இம்மாற்றத்தை வெளிக்கொணர்ந்தது புதிய கருவி எதுவுமன்று. 1968 முதல் இடைவிடாது இறக்கப்பட்ட ஒரு வெண்தட்டு ஆகும். தொடர் அளவீடு இல்லாதிருப்பின், கழிவுநீரோடு சிக்கல் தீர்ந்தது என்றே கருதப்பட்டிருக்கும்.

3. வடிகட்டியின் பயன் அதன் வடிவமைப்பைக் காட்டிலும் பராமரிப்பையும், எதனை அளக்கிறோம் என்னும் தெரிவையும் சார்ந்தது. எடையிலிருந்து எண்ணிக்கைக்கு மாறியதும், ஆண்டுதோறும் நிலையைச் சோதிப்பதும் இதனை உணர்த்துகின்றன.

4. வடிகட்டி நிலக்கட்டுப்பாட்டுக்கு மாற்றாகாது. அளவுக்கு மிஞ்சிய மழையில் நீர் புறவழியே செல்லுமாதலால், மழையை ஏற்கும் திறந்த மண்ணும் சதுப்பும் எஞ்சியிருத்தல் வேண்டும்.

650 ஆண்டுகள் நீரைத் தேக்கி வைக்கும் ஏரிக்கு 65 ஆண்டுத் திட்டம் வகுக்கப்பட்டுள்ளது. அதன் இறுதி இலக்கைத் திட்டம் தீட்டியோரில் பலர் காணப்போவதில்லை. ஏரிப் பாதுகாப்பின் வரலாறு பெரும்பாலும் இத்தகைய காலக்கணக்கிலேயே இயங்குகிறது. அதனை எழுதுவோரும் அக்கணக்கிலேயே வெற்றி தோல்விகளை மதிப்பிடுதல் வேண்டும்.